மஞ்சள் பூவுக்கு நான் வைத்த பெயர்

நான் தாவரவியலில் இளங்கலை படித்தவன். மூன்றாம் வகுப்பில் தேறினேன். கடைசி வருடத்தில் ஒவ்வொரு மாணவனும் முப்பது செடிகளைத் தேடிப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயர் எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். நான் ஒரு செடியைக்கூடப் பறிக்கவில்லை. முந்தைய வருடம் படித்து முடித்த ஒருவரிடம் கெஞ்சி அவருடைய ஏட்டை வாங்கினேன். அவர் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளின் மேல் என் கையெழுத்தில் புதுச் சீட்டுகளை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். ஒட்டும்போது பார்த்தால் அவருடைய சீட்டுக்கு அடியிலும் வேறு யாருடைய சீட்டோ இருந்தது. அந்த முப்பது செடிகளையும் முதன்முதலில் வெயிலில் அலைந்து பறித்த புண்ணியவான் யாரென்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆசிரியர்கள் வருடா வருடம் அதே ஊமத்தை இலையில் அதே புழு ஓட்டையைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டார்கள்.

இந்தக் கதையைப் பலரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதற்காகச் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அபுதாபிக்கு மேற்கே கடலோரத்தில் இருக்கும் ருவைஸுக்கு வேலைக்குப் போனேன். அங்கே அப்போது ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. ருவைஸ் என்றால் ஊரில் யாருக்கும் தெரியாது என்பதால் கேம்பில் இருந்த அத்தனை பேரும் வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது துபாய் என்றே எழுதினோம். துபாய் எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்களில் பாதிப் பேரால் சொல்ல முடியாது. எனக்கு டைம்கீப்பர் வேலை. காலையில் சைட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை, யார் எத்தனை மணி வரை இருந்தார் என்று தாளில் குறிக்க வேண்டும். நான் படித்த படிப்புக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "பாலைவனத்துக்கு ஒரு பாட்டனிக்காரனைப் பிடிச்சு அனுப்பியிருக்காங்களே, எவன்டா அந்த மூளைக்காரன்" என்று அறையில் கேலி செய்வார்கள். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாட்டனி என்பதே என் பெயராகிவிட்டது. எனக்கு அதில் கோபம் இல்லை. வாங்கிய பட்டம் கூப்பிடவாவது பயன்பட்டதே என்றிருந்தது.

என் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் இருந்தவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருக்குச் சாரம் கட்டும் வேலை. இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிக்கொண்டே மேலே மேலே ஏற வேண்டும். இதற்கு முன்னால் அவர் குவைத்தில் ஃபஹாஹீலில் ஒரு கடைக்கு வேலைக்குப் போயிருக்கிறார். ஐந்தாம் மாதமே விசா கொடுத்த கஃபீலுக்கும் கடைக்காரருக்கும் ஏதோ தகராறு வந்து, ஒன்றும் அறியாத இவரை விமானம் ஏற்றிவிட்டார்கள். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது டீக்கடையில் இருந்த ஒருவர், "என்னப்பா, போன பஸ்ஸுலயே திரும்பிட்டியா?" என்று கேட்டாராம். கடையே சிரித்ததாம். அந்த ஒரு வாக்கியத்தை அண்ணன் என்னிடம் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பார். மனைவியின் பிரசவத்தைப் பற்றிப் பேசும்போதும் அது வரும், மெஸ் சாம்பாரைப் பற்றிப் பேசும்போதும் அது வரும்.

அந்த வருடம் குளிர்காலத்தில் வழக்கத்துக்கு மாறாக நல்ல மழை. இரண்டு நாள் விடாமல் பெய்தது. கேம்புக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்து அந்தத் தண்ணீரோடு கலந்தது. குடிதண்ணீர்த் தொட்டியும் பக்கத்தில்தான் இருந்தது. கேம்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸிடம் சொன்னோம். "காலி பண்ணிக் கழுவியாச்சு, கலாஸ், முடிஞ்சுது" என்றார். கழுவியதை யாரும் பார்க்கவில்லை.

மழை நின்று ஐந்தாறு வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் அண்ணன் சைட் பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெல்டர்களிடம் இருந்து வாங்கியது. மணல் உறுத்துகிறது என்றார். அன்று சாயங்காலம் அறையில் குழல்விளக்கின் கீழேயும் கண்ணாடியைக் கழற்றவில்லை. சிகரெட்டைப் பற்றவைத்து, ஒரே இழுப்பில் முகம் சுளித்து அணைத்தார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மற்றவர்கள் சாப்பிடப் போனதும், "கண்ணாடியக் கழட்டுங்கண்ணே" என்றேன். கழற்றினார். விழி வெள்ளை, மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்த துணிபோல இருந்தது.

"கிளினிக் போயிடலாம்ணே."

"போனா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். போன மாதம்தான் பக்கத்து அறைக்காரர் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து அப்படியே விசாவை ரத்து செய்து எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே அறையில் ஆறு பேர் கிடக்கும் கேம்பில் தொற்றிக்கொள்ளும் நோய்க்காரரைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது.

"பத்து மாசந்தான் ஆச்சு தம்பி. இன்னொரு தடவ அந்த டீக்கடை முன்னால நான் இறங்க மாட்டேன். செத்தாலும் இங்கயே சாகுறேன்" என்றார். பேச்சுக்குச் சொல்கிற மாதிரி சொல்லவில்லை.

எங்களுடைய மெஸ்ஸில் சமையல் செய்தவர் காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம். எல்லோரும் அவரைக் காக்கா என்போம். அவர்கள் பக்கத்தில் உடன்பிறந்த அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வருவதைப் பார்த்து மூன்றாம் நாளே அவர் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனுக்கு மட்டும் உப்பில்லாமல் சோறு வடித்து, பெட்டியில் வரும் லபன் தயிரை மோராகக் கரைத்து ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்.

"இதுக்கு எதுக்கு டாக்டரு? எங்க உம்மா மஞ்சக் கரிசாலையை அரைச்சு ஏழு நாளு வெறும் வயித்துல குடுப்பாங்க. எத்தனை பேரு எழும்பி நடந்திருக்கான்" என்றார் காக்கா.

மஞ்சள் கரிசலாங்கண்ணியைத்தான் சொன்னார். காமாலைக்குக் கீழாநெல்லிக்கு அடுத்தபடி நம் ஊரில் எல்லோர் வாயிலும் வருவது அதுதான். ருவைஸில் அதற்கு எங்கே போவது என்றேன். காக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கேம்புக்குப் பின்னால போய்ப் பாத்தியளா? மஞ்சப் பூவாக் கெடக்கு."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. காக்கா ஜும்ஆ தொழுகை முடித்து வந்ததும் மூவரும் போனோம். கேம்பின் கம்பி வேலிக்குப் பின்னால் குழாய்ப் பாதையை ஒட்டிய மணலில், மழைக்கு முன் ஒரு புல்கூட இல்லாத இடத்தில், முழங்கால் உயரத்துக்குச் செடிகள் நின்றன. உச்சியில் எல்லாம் மஞ்சள் பூ. நடுவில் ஒரு சின்ன மஞ்சள் பொத்தான், சுற்றிலும் மஞ்சள் இதழ். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அதுதான். பத்து மாதமாக அந்த மணலைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கே குனிந்து ஒரு பூவைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பூவும் கண்ணும் ஒரே நிறத்தில் இருந்தன.

காக்காவுக்கு அரைக்கத் தெரியும், அளவு தெரியும், பத்தியம் தெரியும். ஆனால் அவருடைய உம்மா செடியை எங்கிருந்து பறித்தார், அது தரையில் படருமா நிமிர்ந்து நிற்குமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அம்மியில் பார்த்ததோடு சரி. அதனால் ஒரு செடியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

"பாட்டனித் தம்பி, பாத்துச் சொல்லுங்க. இதுதானே?"

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என் படிப்பைக் கேட்டார். நான் செடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பூவைப் பற்றி எனக்கு மணிக்கணக்கில் பேசத் தெரியும். இது தனிப் பூ இல்லை, நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒன்றாகச் சேர்ந்த சிரமஞ்சரி. ஓரத்தில் இருப்பவை கதிர் மலர்கள், நடுவில் இருப்பவை வட்டு மலர்கள். சூரியகாந்திக் குடும்பம். எட்டு மதிப்பெண் கேள்வி அது. படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். மஞ்சள் கரிசலாங்கண்ணியும் அதே குடும்பம்தான். என் முப்பது தாள்களில் பதினேழாவது தாள் அது. அதன் லத்தீன் பெயர் அப்படியே நினைவில் இருந்தது, ஏனென்றால் அந்தச் சீட்டை எழுதியவன் நான். அந்தத் தாளில் இருந்த இலை எப்படி இருந்தது என்று யோசித்தேன். வரவில்லை. எவ்வளவு யோசித்தும் என் கையெழுத்துதான் கண்முன் வந்ததே தவிர இலை வரவில்லை.

சந்தேகத்தை எழுப்பியவரே காக்காதான். "இலை இப்படிக் கிழிஞ்ச மாதிரி ஒல்லியா இருக்கே? உம்மா வச்சிருந்தது அகலமா இருந்த மாதிரி ஞாபகம்" என்றார்.

அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பாலைவனச் செடிகளைப் பற்றி ஒரு பாடம் உண்டு. தண்ணீர் இல்லாத இடத்தில் செடிகள் இலையைச் சுருக்கிக்கொள்ளும், ஒடுக்கிக்கொள்ளும், தடிப்பாக்கிக்கொள்ளும். அந்தப் பாடத்தை நான் நன்றாகவே படித்திருந்தேன். "இங்க தண்ணி இல்லல்ல காக்கா. அதான் இலை ஒடுங்கிப்போச்சு. வறண்ட நிலத்துல அப்படித்தான் ஆகும்" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே அது உண்மைபோல் பட்டது. காக்கா "மாஷா அல்லாஹ், படிப்புன்னா படிப்புதான்" என்றார்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீ ஆமான்னு சொன்னா நான் குடிக்கிறேன். இல்லன்னு சொன்னா விட்டுடுறேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றார்.

தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். ஆனால் சொன்னால் அடுத்து என்ன என்று என்னிடம் எதுவும் இல்லை. கிளினிக் என்பேன், மாட்டேன் என்பார். அந்த மஞ்சள் கண்களை அறையில் தினமும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அதைவிட ஆமாம் என்பது சுலபமாக இருந்தது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பாட்டனி என்று சிரிக்கச் சிரிக்கக் கூப்பிட்டவர்கள் இருவரும் அன்று என் வாயையே பார்த்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

"ஆமாண்ணே. இதேதான்" என்றேன்.

மறுநாளிலிருந்து காக்கா மெஸ்ஸில் காலை இட்லிக்கு மாவு ஊற்றும் நேரத்தில் ஒரு பிடி செடியை மிக்ஸியில் அடித்து, லபனில் கலக்கி, எவர்சில்வர் டம்ளரில் மூடிக் கொடுத்துவிடுவார். அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பார். நான் என் பங்குக்கு ஃபோர்மனிடம் பேசி, அவரைக் கீழேயே குழாய் பூட்டும் கிளாம்ப்களை எண்ணும் வேலையில் போடச் சொன்னேன். இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் ஆள் குறைவு என்று, "ஜல்தி சடோ, பாய்" என்று மேலே ஏற்றிவிட்டார்.

நான்காம் நாள் அண்ணன் குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தார். ஐந்தாம் நாள் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டே பஸ்ஸில் வந்தார். வயிறு உப்பியிருந்தது. "நிறுத்திடுங்கண்ணே" என்றேன். "ஏழு நாள்னு கணக்கு. பாதியில விட்டா மருந்து திருப்பி அடிக்கும்" என்றார். காக்காவிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். நான் ஆமாம் என்று சொல்லும்போது என்னை நம்பியவர்கள், வேண்டாம் என்று சொல்லும்போது நம்பவில்லை.

அன்று மதியம் நான் வேலிக்குப் பின்னால் தனியாகப் போய் அந்தச் செடியை மறுபடி பார்த்தேன். இலைகள் தண்டில் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாறி மாறி இருந்தன. கரிசலாங்கண்ணிக்கு இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும் என்று எங்கோ படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் இலை ஒடுங்கலாம். இடம் மாறி உட்காராது. இது அந்தச் செடி இல்லை. சரி, வேறு எந்தச் செடி? தெரியவில்லை.

அங்கிருந்து நேராகக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்த மலையாளி நர்ஸிடம் காமாலையைச் சொன்னேன், ஐந்து நாளாக ஏதோ ஒரு செடியைக் குடிப்பதையும் சொன்னேன். செடியின் பெயரைக் கேட்டார். கையில் இருந்ததைக் காட்டினேன். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மேசைமேல் போட்டார். "பெயர் அறியாத சாதனத்த எந்தினா கொடுத்தது?" என்று, ஏன் கொடுத்தாய் என மலையாளத்தில் கத்தினார். நான் தாவரவியல் படித்தவன் என்று அவரிடம் சொல்லவில்லை.

நர்ஸும் டிரைவரும் சைட்டுக்குப் போய் அண்ணனைச் சாரத்தின் முதல் தட்டிலிருந்து இறக்கினார்கள். வெயிலில் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்ததும் நர்ஸ் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். யார் சொன்னது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ரெண்டு நாள்தானேடா தம்பி பாக்கி இருந்துச்சு" என்றார்.

மூன்று வாரம் அபுதாபியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு கேம்புக்குக் கூட்டிவராமலே விமானம் ஏற்றப் போவதாகவும், பெட்டியைக் கட்டித் தர வேண்டும் என்றும் தகவல் வந்தது. நானும் காக்காவும் கட்டினோம். அவருடைய சட்டைகள், மனைவிக்காக வாங்கி வைத்திருந்த சேலை, டார்ச் லைட், தைலப் புட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலே காக்கா ஒரு பால்பவுடர் டின்னை வைத்தார். மிச்சச் செடியைப் பூவோடு அறுத்து, மெஸ் கூரையில் காயவைத்துத் தூளாக்கி அதில் அடைத்திருந்தார். "அந்த ரெண்டு நாளையும் அங்க போய் முடிச்சுக்கிடட்டும்" என்றார்.

இது அது இல்லை காக்கா என்று சொன்னேன். நிஜமாகவே சொன்னேன். "அப்ப எது?" என்று கேட்டார். அவர் பெட்டியை மூடினார். அன்று ராத்திரிக்குள் எப்போது வேண்டுமானாலும் அந்தப் பெட்டியைத் திறந்து டின்னை எடுத்துக் குப்பையில் போட்டிருக்கலாம். பெட்டி என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

நான்கு மாதம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. நன்றாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தார். ஊருக்கு வந்ததும் மிச்சம் இரண்டு நாள் மருந்தையும் குடித்து முடித்தாராம். அதிலிருந்து மஞ்சள் இறங்க ஆரம்பித்துவிட்டதாம். 'நீ சொன்ன பூ சரியான பூ தம்பி. நீதான் அவசரப்பட்டுவிட்டாய். போகட்டும்' என்று இருந்தது. அதைக் காக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் அன்று எனக்குக் கறியில் நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டார். நானும் தின்றேன். ஒருவேளை நான் சொன்னது சரிதானோ, இலையைப் பற்றிய என் நினைவுதான் தப்போ என்று கொஞ்ச நாள் சந்தோஷமாகவே இருந்தேன்.

அந்தச் சந்தோஷம் அபுதாபியில் ஒரு புத்தகக் கடையில் முடிந்தது. கம்பெனி வேலையாகப் போயிருந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் வளைகுடாப் பாலைவனச் செடிகளைப் பற்றிய ஆங்கிலப் படப் புத்தகம் ஒன்று இருந்தது. உள்ளே போய் நின்றபடியே புரட்டினேன். அதே மணல், அதே கிழிந்தாற்போன்ற இலை, அதே மஞ்சள் பூ. சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் கரிசலாங்கண்ணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மழைக்குப் பிறகு வளைகுடாக் கரை முழுவதும் முளைக்கும் சாதாரணச் செடி. கீழே இரண்டு வரிக் குறிப்பு. இந்தச் செடியின் இனத்தில் பலவற்றுக்கு ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு, தின்ற கால்நடைகளுக்கு ஆகாது என்று இருந்தது. ஈரல் கெட்டவருக்கு ஈரலைக் கெடுக்கும் செடியை நான் பார்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் வாங்கப் போகிறீர்களா என்று இரண்டு தடவை கேட்ட பிறகே புத்தகத்தை வைத்தேன்.

அன்றே கேம்புக்குத் திரும்பி அண்ணனுக்கு எழுதினேன். அந்தத் தூளைக் கொட்டிவிடுங்கள், யாருக்கும் கொடுக்க வேண்டாம், அது விஷம். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் இல்லை. மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. 'நீ பயந்த சுபாவம் என்று எனக்குத் தெரியும். உன் கைராசி உனக்கே தெரியவில்லை. இங்கே எட்டுப் பேருக்குக் கொடுத்துவிட்டேன், எல்லோரும் எழுந்து நடக்கிறார்கள். டின் காலியாகப் போகிறது. லீவில் வரும்போது கொஞ்சம் பூ கொண்டு வா.'

அடுத்த குளிர்காலத்தில் மழை பெய்யவில்லை. வேலிக்குப் பின்னால் வெறும் மணல். கேம்பிலேயே அதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

அந்தக் கோடையில் லீவு கிடைத்தது. வீட்டுக்குப் போன மூன்றாம் நாளே பஸ் பிடித்து அண்ணன் ஊருக்குப் போனேன். அதே டீக்கடை முன்னால்தான் பஸ் நின்றது. அவர் வீட்டுக்கு வழி கேட்டேன். "துபாய் மருந்துக்காரர் வீடா?" என்று ஒருவர் எழுந்து வந்து மரியாதையாக வழி காட்டினார்.

வீட்டு வாசலில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். உடம்பு தேறியிருந்தது, கண் வெள்ளையாக இருந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. உயிரோடு இருக்கிறாரே என்று வந்த அழுகை. பிறகு அவரை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் புத்தகத்தில் படித்த எல்லாவற்றையும் சொன்னேன். நான் செடியே பறிக்காமல் பட்டம் வாங்கியதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"விஷம்னா, நான் எப்படிடா பிழைச்சேன்?" என்றார்.

காமாலை சில பேருக்குத் தானாகவே இறங்கிவிடும் அண்ணே, ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் பார்த்தார்களே அண்ணே என்றெல்லாம் சொன்னேன்.

"சரி. நான் தப்பிச்சேன். மத்தவங்க?"

அவர்கள் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று தேடிப் போய்ப் பார்த்தாரா என்று கேட்டேன். நன்றாக இல்லாவிட்டால் வந்து சொல்லியிருப்பார்களே என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டாந்தடவயும் திரும்பி வந்தவன்னு ஊருக்குள்ள ஒருத்தன் என்னை ஒரு வார்த்தை கேக்கலடா தம்பி. அந்த டின்னுனாலதான்" என்றார்.

முன்வாசலுக்கு வந்தோம். டின் காலியாகி மாதக்கணக்கு ஆகிவிட்டதாம். இப்போது கண்மாய்க் கரையிலேயே அந்தப் பூ கிடைப்பதைக் கண்டுபிடித்துவிட்டாராம். ஒரு கொத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். நடுவில் ஒரு மஞ்சள் பொத்தான், சுற்றிலும் மஞ்சள் இதழ். வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முன்னால் ஒரு பெண், இடுப்பில் நான்கு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் கண் மஞ்சளாக இருந்தது.

"இவருதான் அந்தப் பூவை முதன்முதல்ல கண்டுபிடிச்சவரு. செடிகொடிக்குன்னே காலேஜுல படிச்சவரு" என்றார் அண்ணன். "தம்பி, நீயே உன் வாயால சொல்லு. இது அதுதானே?"

நான் கொத்தைத் திருப்பிப் பார்த்தேன். இந்தத் தடவை முதலில் இலையைப் பார்த்தேன். ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருந்தது. சொரசொரவென்று இருந்தது. உண்மையான கரிசலாங்கண்ணியாகவே இருக்கலாம். அதே மாதிரி இலை உள்ள வேறு பத்துச் செடிகளில் ஒன்றாகவும் இருக்கலாம்.

"எனக்குத் தெரியாது" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னேன். "எனக்குச் செடிகளைப் பத்தி ஒண்ணுமே தெரியாதும்மா. குழந்தையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

அண்ணன் சிரித்தார். "பாத்தீங்களா? நல்லாப் படிச்சவங்க இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க" என்றார். அந்தப் பெண்ணின் முகத்தில் என்மேல் இருந்த மரியாதை இன்னும் கூடிவிட்டது. "சரிங்கய்யா, கொண்டு போறேன்" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு என் கையில் இருந்த கொத்தை மெதுவாக வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.